வளவில் விழுகிற மழை

பள்ளத்தூர்,
ஐப்பசி 25

அன்பு மகள் மீனாளுக்கு,

நலம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அங்கே நலந்தானே? இங்கே நாலு நாளாக விடாத மழை. பட்டாலைத் திண்ணையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஓட்டுத் தண்ணீர் வீட்டு நடுவே திறந்து கிடக்கிற வளவுக்குள் கொட்டுகிறது, அண்டா இரண்டையும் நீட்டி வைத்திருக்கிறேன். 2003இல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேமிக்க வேண்டும் என்று அரசு கட்டாயமாக்கியபோது உங்கள் அப்பத்தா, "நம்ம வீடு கட்டினப்பவே செஞ்சதுதானே" என்றார்கள். வளவில் விழுந்தது போக மிச்சம் வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போய்ச் சேரும்படி அல்லவா கட்டியிருக்கிறார்கள்.

போன வாரம் நீ போனில், "பூமிக்குப் பாரமில்லாமல் வாழணும்னா எதிலேருந்து ஆத்தா ஆரம்பிக்கிறது?" என்று கேட்டாய். மூங்கில் பிரஷ், கண்ணாடி டப்பா, துணிப்பை என்று வாங்கி வைத்ததை எல்லாம் வரிசையாகக் காட்டினாய். பிள்ளை அழவும் போனை வைத்துவிட்டாய். எனக்கு ஒன்றே ஒன்று கேட்க வேண்டியிருந்தது: இருந்த பிளாஸ்டிக் டப்பாக்களை என்ன செய்தாய்? தூக்கிப் போட்டுவிடாதே அம்மா. உளுந்தும் துவரையும் உடைகிற வரைக்கும் அதிலேயே கிடக்கட்டும்.

செட்டாக இருக்கணும் என்று அப்பத்தா சொல்லிச் சொல்லியே உங்களை வளர்த்தார்கள். அதைக் காசு விஷயம் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். கண்டாங்கிச் சேலை கிழிந்தால் தூளி, தூளி நைந்தால் அடுப்படியில் பிடிதுணி. எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் இதற்கப்புறம் இது எங்கே போகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியாமல் போனது. உன் அண்ணன் கல்யாணத்தில் நான் செய்ததை உன்னிடம் சொன்னதே இல்லை.

2019 ஜனவரியிலேயே தண்ணீர் பாக்கெட்டையும் பிளாஸ்டிக் தம்ளரையும் அரசு தடை செய்துவிட்டது. பாட்டில் அந்தப் பட்டியலில் இல்லை, அதனால் பாட்டில் தண்ணீரை இறக்கினோம். பாதி குடித்துப் பாதி வைத்த பாட்டில்கள் பந்தல் முழுக்க உருண்டன. மறுநாள் மூட்டை கட்டி அள்ளிக்கொண்டு போனார்கள். எங்கே கொண்டு போகிறீர்கள் என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐப்பசி மழையில் ஊரெல்லாம் தண்ணீர் ஓடியும் ஊருணி நிறையவில்லை. போய்ப் பார்த்தால், வரத்துக்கால் மதகில் நம் வீட்டு மூட்டைகள். ஒரு பாட்டிலில் சுற்றியிருந்த தாளில் உன் அண்ணன் பெயரும் அண்ணி பெயரும் அச்சடித்து இருந்தது. இரண்டு ஆட்களைக் கூட்டிப்போய் நானும் கூட நின்று அள்ளினேன். வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை.

உன்னைப் பெற்ற அப்பச்சியின் அறுபதாம் கல்யாணத்துக்குச் சாமான் அறையைத் திறந்து அப்பத்தாவின் சீர்த் தம்ளர்களை வெளியே எடுத்தேன். எல்லாவற்றிலும் அவர்கள் பெயரின் முதல் எழுத்துகளைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருப்பார்களே, அதேதான். நாங்கள் நாலு பேர் இரண்டு நாள் புளி போட்டு விளக்கினோம், கை எரிந்தது. பந்தியில் ஒரு பாட்டில் கிடையாது.

நம் முன்னோர்கள் எல்லாம் சுத்தம் என்று உன்னிடம் பெருமை பேச மாட்டேன். முகப்புத் தூண் அத்தனையும் பர்மாத் தேக்கு. எந்தக் காட்டில் நின்ற மரங்களோ! வெட்டியதை இனி ஒட்ட முடியாது. பங்காளிகள் சிலர் வீட்டைப் பிரித்துத் தூணையும் நிலையையும் விற்றுவிடலாம் என்கிறார்கள், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் நல்ல விலை போகுமாம். நான் சம்மதிக்கவில்லை. அந்த மரம் இன்னும் ரொம்ப காலம் நின்று நிழல் கொடுக்கட்டும்.

திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் உனக்கு நினைவிருக்கிறதா? கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் கண்மாய்க்கு வரும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அந்த ஊரில் சின்னப் பிள்ளைகளும் இருக்கத்தானே செய்கிறார்கள். பேரனுக்கு அதைச் சொல்லு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எழுதக் கை வரவில்லை. இந்த வருஷம் மூன்று தடவை வந்தாய், தடவைக்கு நாலு நாள். விமானம் குடிக்கிற எண்ணெயை நினைத்தால், நீ வாங்கின மூங்கில் பிரஷ் எல்லாம் எந்த மூலைக்கு? வராதே என்று சொல்ல எனக்கு மனசு இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை வா, வந்தால் ஒரு மாசம் இரு. சித்திரையில் பிள்ளைக்கு லீவு விடும்போது வந்தால் வற்றல் போட வெயிலும் இருக்கும். அந்தப் பழைய டப்பாக்களையும் எடுத்துக்கொண்டு வா, நிரப்பித் தருகிறேன்.

அன்புடன்,
ஆத்தா