அக்காவுக்கு, அந்த 11 நிமிடம் பற்றி

அக்கா,

அம்மாவின் முதலாம் ஆண்டுத் திவசம் போன செவ்வாயோடு முடிந்தது. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதெல்லாம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நம் ஆட்களும் இதை வாசிக்கிறார்கள், அதனால் அந்தக் கதை இங்கே வேண்டாம்.

வீடியோ கசெட்டைக் கடைசியில் கண்டியில் கொடுத்து டிஜிட்டலாக மாற்றிவிட்டேன். ஒரு வருடமாக இழுத்தடித்தது சோம்பலில் இல்லை. செத்த வீட்டில் எல்லார் முன்னாலும் நீ சொன்னாயே, “அம்மா இருக்கிற ஒரே வீடியோவிலும் இவன் என்ஜினைத்தான் எடுத்து வச்சிருக்கான்” என்று. அதற்குப் பிறகு அதைத் தொடவே மனம் வரவில்லை.

மச்சான் டுபாயிலிருந்து கொண்டுவந்த கேமராவை அன்றைக்கு என் கையில் தந்தது நீதான். எனக்கு 13 வயது. கோச்சிப் பைத்தியம் பிடித்த பையனிடம் கேமராவையும் கொடுத்து, கடுகண்ணாவை ஸ்டேஷனில் வேனையும் நிறுத்தினால் அவன் வேறு எதை எடுப்பான்?

பேராதனைப் பூந்தோட்டத்தில் மச்சானின் முதுகு கொஞ்சம், அப்புறம் 11 நிமிடம் என்ஜின். சுற்றுலாக்காரர்களுக்காக ஓட்டிய நீராவிக் கோச்சி அது. 251ஆம் இலக்கம், சேர் தோமஸ் மைட்லண்ட். இலங்கைக்கு ரயில் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே நாட்டை விட்டுப் போன தேசாதிபதியின் பெயர், அது வேறு வேடிக்கை. முன்னால் நாலு சின்னச் சில்லு, பிறகு ஆறு பெரிய சில்லு. ரம்புக்கனையிலிருந்து ஏறிவந்த களைப்பில் புஸ் புஸ்ஸென்று நிற்கிறது. டிரைவர் எண்ணெய்க் கேனோடு இறங்கி, ஒவ்வொரு பெயரிங்கிலும் புறங்கையை வைத்துச் சூடு பார்க்கிறார். எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் அந்தப் புறங்கை எனக்கு அலுக்கவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

அம்மா தெரிவது 4 செக்கன். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, புகைக்குள். அவ்வளவுதான் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

போன வாரம் ஹெட்போன் மாட்டிப் பார்த்தேன். நம் பழைய டீவியில் சீறல் சத்தத்தோடு அமுங்கிப்போன குரல் ஒன்று, ஏழாவது நிமிடத்தில். “தம்பி, பின்னுக்கு வா. இப்ப பக்கத்தால சுடுதண்ணி அடிக்கும்.”

சொல்லி வாய் மூடவில்லை, என்ஜினின் ஆவிச் சிலிண்டருக்குக் கீழேயிருந்து வெள்ளையாகச் சீறுகிறது. நிற்கிற நேரத்தில் உள்ளே ஆவி குளிர்ந்து தண்ணீராகிவிடும். தண்ணீரை அமுக்க முடியாது, அதோடு கிளப்பினால் சிலிண்டர் மூடியே உடைந்துபோகும். அதனால்தான் டிரைவர் முதலில் அதை வெளியே விடுகிறார். எனக்கு இது புத்தகத்தில் படித்துத்தான் தெரிந்தது, அதுவும் 20 வயது தாண்டி. அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். நாவலப்பிட்டி ரயில் என்ஜின் ஷெட்டில் கிளீனராக இருந்த தாத்தாவுக்குச் சோறு கொண்டுபோன பிள்ளை. நம்மிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நாம் கேட்டதுமில்லை.

அம்மா படத்தில் இல்லை, ஏனென்றால் என் பக்கத்தில் நின்றார். நடுவில் படம் ஒருதரம் குலுங்குகிறதே, அது அவர் என் சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்தது.

நீ படத்தில் இருக்கிறாய், தெரியுமா? வேனடியில், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. அவசரம் எப்போதும் உனக்குத்தான்.

சரி, அதை எழுதியிருக்கக் கூடாது. அழிக்கவும் மனம் வரவில்லை. ஆஸ்பத்திரியில் நீ தனியாக விழித்திருந்த அந்த மூன்று இரவுகளைப் பற்றி நான் உன்னிடம் இன்னும் ஒன்றும் பேசவில்லை. நேரில் பேசுகிறேன்.

பென்டிரைவை பெரியம்மா மகனிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை கொழும்புக்கு வருகிறான். ஏழாவது நிமிடம் வரும்போது சத்தத்தைக் கூட்டு. அம்மா பேசி முடித்ததும் உடனே குறைத்துவிடு, அடுத்தது விசில். சின்னவள் எழும்பிவிடுவாள்.