மாணவர்களிடம் ஆள் கேட்காதீர்கள், கேள்வி கொடுங்கள்: உள்ளாட்சி அலுவலகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உள்ளாட்சித் தலைவர்களுக்கும் ஆணையர்களுக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம். பல்கலைக்கழக வகுப்புகளையும் உள்ளாட்சி அலுவலகங்களையும் இணைத்து வேலை நடத்துகிறவர்கள் நாங்கள். அடுத்த பருவம் தொடங்குமுன் ஒரு வேண்டுகோள். "ஐம்பது மாணவர்களை அனுப்பி வையுங்கள்" என்று கடிதம் எழுதுவதை நிறுத்துங்கள். ஐம்பது பேர் வந்தால் துடைப்பம் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். இரண்டே நாளில் தெரு பழையபடி ஆகிவிடும். அதற்குப் பதில் ஒரு கேள்வியை அனுப்புங்கள். நீங்கள் முடிவெடுக்க வேண்டிய, ஆனால் இறங்கி அளந்து பார்க்க உங்கள் ஊழியர்களுக்கு நேரமில்லாத கேள்வியாக அது இருக்கட்டும்.

"நகரை மேம்படுத்துவது எப்படி?" என்பதை வைத்துக்கொண்டு ஒரு வகுப்பால் எதுவும் செய்ய முடியாது. "பேருந்து நிலையத்திலிருந்து மருத்துவமனை வரை நடைபாதையில் சக்கர நாற்காலி எங்கெங்கே தடைப்படும், எதை முதலில் சரிசெய்வது?" என்று கேட்டால் முடியும். நாலைந்து பேர் கொண்ட ஒரு குழுவே போதும்.

அடுத்தது நாள்கணக்கு. கூட்டுவேலை கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். மாணவர்களின் திறமையைக் குறைசொல்வது வீண். பருவம் 15 வாரம் என்றால், சேர்க்கைக் குழப்பத்தில் முதல் இரண்டு வாரமும் தேர்வில் கடைசி மூன்று வாரமும் போய்விடும். மிஞ்சுவது பத்து. வார்டு வரைபடம் கேட்ட கோப்பு உங்கள் அலுவலகத்தில் மேசை மேசையாக நான்கு வாரம் நகர்ந்தால், ஆறு வாரத்தில் அவர்கள் எதைச் செய்வார்கள்? வரைபடமும் பழைய அளவீடுகளும் புகார்ப் பட்டியலும் முதல் வகுப்புக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். புரிந்துணர்வு ஒப்பந்தத்தை ஒவ்வொரு திட்டத்துக்கும் புதிதாகப் போடாதீர்கள். சட்டப் பிரிவைத் தாண்டி வருவதற்குள் பருவமே முடிந்துவிடும். பல்கலைக்கழகத்தோடு பொதுவாக ஒரே ஒப்பந்தம், திட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கத் தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் இரண்டு மணி நேரம் மாணவர்களுக்குப் பதில் சொல்ல ஓர் அலுவலரின் பெயர் அந்தத் தாளில் இருக்கட்டும். அவர் மாற்றலாகிப் போனால் யார் என்பதும் இருக்கட்டும்.

நடைபாதை வேலையையே எடுத்துக்கொள்வோம். களத்துக்குப் போகுமுன் இரண்டு குழுக்களை ஒரே தெருவைத் தனித்தனியாக அளக்கச் சொல்லி ஒப்பிட வேண்டும். விடைகள் வேறுபட்டால் குறை பெரும்பாலும் படிவத்தில் இருக்கும். "அகலம்" என்று மட்டும் போட்டால் ஒருவர் தொடக்கத்தில் அளப்பார், இன்னொருவர் நடுவில் அளப்பார். அளக்க வேண்டியது மிகக் குறுகலான இடத்தை: 2 மீட்டர் நடைபாதையின் நடுவே மின்பெட்டி நின்று 70 செ.மீ. வழிதான் விடுகிறது என்றால், சக்கர நாற்காலிக்காரருக்கு அது 70 செ.மீ. நடைபாதைதான். விளிம்புக் கல்லின் உயரமும் தேவை. சாய்தளத்துக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட உச்ச சரிவு 1:12, அதாவது 15 செ.மீ. உயரம் ஏற 180 செ.மீ. நீளம் வேண்டும். அந்த இடம் அங்கே இருக்கிறதா என்பதையும் அப்போதே குறித்துவிட்டால் இன்னொரு நடை மிச்சம்.

கைபேசியின் ஜிபிஎஸ் திறந்தவெளியிலேயே ஐந்து மீட்டர் வரை தவறும், உயரக் கட்டடங்களுக்கு நடுவே இன்னும் மோசம். தெருவின் வலப்பக்கப் பள்ளம் வரைபடத்தில் இடப்பக்கம் போய் உட்கார்ந்துவிடும். ஆகவே எந்தப் பக்கம், எந்தக் கதவு எண்ணுக்கு எதிரே என்று கையால் எழுதியே ஆக வேண்டும். இணையம் இல்லாமலும் பதிவுசெய்யும் கோபோ டூல்பாக்ஸ், ஓடிகே போன்ற செயலிகளே இதற்குப் போதும். கணக்கை மட்டும் மாணவர் பெயரில் திறக்காதீர்கள். பட்டம் வாங்கிப் போகிறவரோடு கடவுச்சொல்லும் போய்விடும்.

இன்னொன்று: நாடாவோடு நாலு பேர் கடை வாசலில் குனிந்தாலே ஆக்கிரமிப்பை இடிக்க வந்திருக்கிறார்கள் என்றுதான் கடைக்காரர் நினைப்பார். வாக்குவாதம் வந்தபின் விளக்குவது கடினம். இரண்டு நாள் முன்பே அறிவிப்புக் கொடுங்கள். அலுவலக முத்திரையும் உங்கள் தொலைபேசி எண்ணும் உள்ள கடிதம் ஒவ்வொரு குழுவின் கையிலும் இருக்கட்டும். ஒளிரும் மேலங்கி, காப்பீடு, போக்குவரத்துச் செலவு ஆகியவை உங்கள் பொறுப்பு. மாணவர் உழைப்பு இலவசம் என்று நினைக்கிற அலுவலகத்துக்கு அதற்கேற்ற அறிக்கைதான் கிடைக்கும்.

வீடுவீடாகக் கேட்பதானால் பகலில் மட்டும் போகக் கூடாது. வேலைக்குப் போகிறவர்களின் குரலே பதிவாகாது. மாலையிலும் விடுமுறை நாளிலும் போக வேண்டும். பெயர், தொலைபேசி எண் கேட்கத் தேவையில்லை. குலுக்கல் முறையில் 100 வீடுகளைக் கேட்டால் விடை ஏறத்தாழ 10 விழுக்காடு முன்பின் இருக்கும். அதை 5 ஆக்க 400 வீடுகள் வேண்டும். எந்தச் சாலையை முதலில் எடுப்பது என்று தெரிய 100 வீடு போதுமென்றால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மரம் நடும் திட்டங்களை நாங்கள் பெரும்பாலும் மறுத்துவிடுகிறோம். கன்றுக்கு முதல் இரண்டு ஆண்டுகளாவது தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். பருவ இறுதியில் நட்டுவிட்டு மாணவர்கள் விடுமுறைக்குப் போனால், மிஞ்சுவது கூண்டு மட்டும்தான். தண்ணீர் வண்டியின் வழித்தடத்தில் அந்தத் தெருவைச் சேர்த்த உத்தரவைக் காட்டுங்கள், வருகிறோம்.

வேலையைப் பெரிதாக்க வேண்டுமானால் அதற்கும் வழி உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகம் 2009-இல் தொடங்கிய திட்டத்தில் ஒரு கல்வியாண்டுக்கு ஒரே நகரம்: முதலில் கிரெஷாம், அடுத்து அந்த மாநிலத் தலைநகரான சேலம். பல துறைகளில் ஏற்கெனவே நடக்கும் பாடங்களே அந்த நகரத்தின் கேள்விகளை எடுத்துக்கொண்டன. தனியாக ஒரு தொண்டர் படை திரட்டவில்லை. மதிப்பெண் உள்ள வகுப்பு வேலையாகவே நடந்தது. பின்னர் பல பல்கலைக்கழகங்கள் இந்த முறையைப் பின்பற்றின.

முடிவில் உங்கள் கைக்கு மூன்று வர வேண்டும்: மன்றத்துக்கு ஒரு பக்கம், பொறியாளருக்கு இடவாரியான அட்டவணை, படங்களோடு மூலத்தரவு. எண்பது பக்க அறிக்கையை யாரும் படிப்பதில்லை, எழுதியவர்கள் உட்பட. வரவுசெலவுத் திட்டம் தயாராவதற்கு இரண்டு மாதம் முன்பாவது அவை வந்துசேரும்படி பருவத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒப்படைக்கும் நாளில் மேடைக்குத் தலைவர் வரட்டும். எதிரே இளநிலைப் பொறியாளர் உட்கார்ந்து கேள்வி கேட்கட்டும். பரிந்துரை ஒவ்வொன்றுக்கும் 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள்: ஏற்றோம், தள்ளிவைத்தோம், மறுத்தோம், ஏன். மறுப்பாக இருந்தாலும் பரவாயில்லை. அடுத்த அணி அதிலிருந்துதான் தொடங்கும்.

பருவம் தொடங்க மூன்று மாதம் முன்பே உங்கள் கேள்விகளை அனுப்புங்கள். இப்போதைக்கு ஒரு கேள்விதான் இருக்கிறதென்றால் அந்த ஒன்றையே எடுத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கல்லூரி–உள்ளாட்சி கூட்டுத் திட்டங்களை நடத்தும் ஆசிரியர்களும் ஒருங்கிணைப்பாளர்களும்