திருச்சியிலிருந்து பலாலிக்கு

அன்புள்ள பிள்ளைக்கு,

கொழும்பு வழியாக வந்தால் ரிக்கெற் காசு குறையும்போல இருக்கிறது என்று நேற்று நீ சொன்னாய். அதைத்தான் இரவு முழுக்க யோசித்துக்கொண்டு கிடந்தேன். வேண்டாம் பிள்ளை, நேரே யாழ்ப்பாணத்துப் பலாலி எயார்போட்டுக்கு வா.

திருச்சிக்கும் பலாலிக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 184 கிலோமீற்றர்தான். கொழும்பு எயார்போட் இருக்கிற கட்டுநாயக்கா உனக்கு 400 கிலோமீற்றருக்கும் மேல். அங்கே இறங்கி, பிறகு இரவு பஸ்ஸில் ஏழெட்டு மணித்தியாலம் இருந்து வர வேண்டும். மிச்சம் பிடிக்கிற காசு பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் சரி. நீ வந்து சேரும்வரை அம்மாவுக்கும் நித்திரை இராது.

184 கிலோமீற்றருக்கு எதற்கு ஒரு மணித்தியாலம் என்றும் கேட்டாய். ஏடிஆர் என்கிற அந்தச் சின்ன விமானம் மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில் பறக்கும். அந்த வேகத்திலேயே முழுத் தூரமும் வந்தால் 22 நிமிடம் போதும். ஆனால் நேர அட்டவணையில் இருப்பது விமானம் நிற்கிற இடத்திலிருந்து அசைந்தது தொடங்கி இங்கே வந்து நிற்கும்வரை உள்ள நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும், முறை வரும்வரை நிற்க வேண்டும், மேலே ஏற வேண்டும். இவ்வளவு கிட்டிய தூரத்தில் ஏறி முடிந்த கையோடு இறங்கத் தொடங்கிவிடுவார்கள். முழு வேகத்தில் பறப்பது கொஞ்ச நேரம்தான்.

அப்புறம், கிட்டத்துப் பயணம் என்றாலும் வெளிநாட்டுப் பயணம். பாஸ்போட், குடிவரவு, சுங்கம் எல்லாம் உண்டு. மூன்று மணித்தியாலம் முன்னதாகவே எயார்போட்டுக்குப் போய்விடு. உன் அறையிலிருந்து உரும்பிராய் வீட்டு வாசல்வரை ஆறு மணித்தியாலம் என்று கணக்கு வை. அன்று காலை வகுப்புக்குப் போய்விட்டு வரலாம் என்று நினைக்காதே.

சன்னல் ஓரமாக இருக்கை கேள். பட்டுக்கோட்டைக்கு அப்பால் கரை முடிந்து பாக்கு நீரிணை தொடங்கும். பாதி வழி கடல்தான்.

இந்த வழி எங்களுக்குப் புதிது இல்லை. 1947 டிசம்பர் 10 அன்று எயார் சிலோனின் முதல் விமானமே கொழும்புக்குக் கிட்ட இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறையில், அதாவது இந்தப் பலாலியில், இறங்கித்தான் சென்னைக்குப் போனது. பிறகு போர் வந்தது. 1990 இல் பலாலியைச் சுற்றியிருந்த சனம் வீடு வளவை விட்டு வெளிக்கிட்டது. நான் உன் வயதில் இருந்தபோது சென்னைக்குப் போவதென்றால் முதலில் கொழும்புக்குப் போயாக வேண்டும். 2019 ஒக்டோபரில் பலாலியை வெளிநாட்டு விமானங்களுக்குத் திறந்து, அடுத்த மாதம் சென்னை விமானம் வந்தது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் திரும்பவும் தொடங்கியது. திருச்சி விமானம் 2025 மார்ச் கடைசியில்தான் வந்தது. அதில் நீ வந்து இறங்குவதை நான் பார்க்க வேண்டும். காசுக் கணக்கை விட எனக்கு அதுதான் பெரிது.

நாகபட்டினம் கப்பலையும் விசாரித்தேன். காங்கேசன்துறைக்கு நாலு மணித்தியாலம் அளவில் ஆகுமாம். ஆனால் நீ வருவது கார்த்திகையில், கடல் கொந்தளிக்கிற காலம். கப்பல் நின்றுவிட்டால் நடுவழியில் அந்தரப்படுவாய்.

ரிக்கெற்றுக்குக் குறைகிற காசை நாளைக்கே அனுப்புகிறேன். நாள் முடிவானதும் வட்ஸ்அப்பில் போடு. நானும் தம்பியும் ஓட்டோவோடு வெளியே நிற்போம்.

அன்புடன்,
அப்பா