பதினாலு வயதுக்கு அப்புறம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

‘எஜுகேட் கேர்ள்ஸ்’ அமைப்புக்கு 2025ஆம் ஆண்டின் ரமோன் மகசேசே விருது கிடைத்த செய்தியை ஒரு சின்னப் பெட்டிக்குள் போட்டிருந்தீர்கள். இந்தியாவில் ஓர் அமைப்புக்கு இந்த விருது கிடைப்பது இதுதான் முதல் தடவை என்பதோடு செய்தி முடிந்துவிட்டது. எனக்கு அது போதவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

சஃபீனா ஹுசைன் 2007இல் ராஜஸ்தானில் தொடங்கிய அமைப்பு இது. பாலி மாவட்டத்தில் 50 பள்ளிகளோடு ஆரம்பித்து, இன்று 30,000 கிராமங்களைத் தாண்டி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க உதவியிருக்கிறார்கள். இவர்கள் தனியாகப் பள்ளிக்கூடம் நடத்துவதில்லை, பிள்ளைகளை அந்தந்த ஊர் அரசுப் பள்ளியில்தான் சேர்க்கிறார்கள். ‘டீம் பாலிகா’ என்று அந்தந்த ஊர் இளைஞர்களும் இளம்பெண்களும் தன்னார்வலர்களாக வீடு வீடாகப் போய், எந்த வீட்டில் எந்தப் பெண் பள்ளிக்குப் போகவில்லை என்று கணக்கெடுக்கிறார்கள். ஆடு மேய்க்க ஆள் வேண்டும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், சீக்கிரமே கல்யாணம் முடிக்க வேண்டும் என்று வீட்டுக்கு வீடு ஒரு காரணம் இருக்கும். வெளியூர் ஆள் வந்து சொன்னால் காதில் வாங்காத அப்பாகூட, அடுத்த தெருப் பிள்ளை நாலாவது தடவையும் வாசலில் வந்து நின்றால் உட்கார்ந்து பேசத்தானே வேண்டும்? இந்த வேலையின் உயிரே அந்த நாலாவது தடவையில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

சேர்த்ததோடு விட்டுவிடவும் இல்லை. பில்வாரா மாவட்டத்தில் 2015 முதல் 2018 வரை ஒரு புது ஏற்பாடு செய்து பார்த்தார்கள். ஒரு அறக்கட்டளை முதலில் பணம் போடும், பிள்ளைகள் உண்மையிலேயே சேர்ந்து படித்திருந்தால்தான் இன்னொரு அறக்கட்டளை அந்தப் பணத்தைத் திருப்பித் தரும். மூன்றாம் ஆண்டு முடிவில், கண்டறிந்த பெண்களில் 92 சதவீதம் பேர் பள்ளியில் சேர்ந்திருந்தார்கள், கற்றலில் வைத்த இலக்கையும் தாண்டி, அந்த இலக்கின் 160 சதவீதத்தை எட்டியிருந்தார்கள்.

சரி, நான் சொல்ல வந்தது இதற்கு அடுத்தது. நம் கல்வி உரிமைச் சட்டம் 6 வயதிலிருந்து 14 வயது வரைக்கும்தான். 2009இல் வந்த சட்டம், இன்னும் அந்த வயதைத் தாண்டவில்லை. கிராமத்துப் பெண்ணுக்குச் சிக்கல் ஆரம்பிப்பதே அந்த 14இல்தான். உயர்நிலைப் பள்ளி தூரத்தில் இருக்கும், வழியில் பயம், வயதுக்கு வந்த பெண்ணை அனுப்ப வீட்டில் மனசு வராது. இப்படி நின்றுபோனவர்களுக்காகவே அந்த அமைப்பு ‘பிரகதி’ என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறது. 15 முதல் 29 வயது வரை உள்ள பெண்கள், கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு இருப்பவர்கள்கூட, திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். 300 பேரோடு தொடங்கியது, இப்போது 31,500 பேரைத் தாண்டிவிட்டது. இவ்வளவு பேர் ஒரு வாய்ப்புக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் சந்தோஷமும் துக்கமும் சேர்ந்தே வருகின்றன.

என் அக்கா எட்டாவதோடு நின்றவள். நின்றவள் என்ன, நிறுத்திவிட்டார்கள். வகுப்பில் முதல் மாணவி. அந்த எட்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை இன்றைக்கும் பீரோவில், நிலப் பத்திரங்களோடு சேர்த்து வைத்திருக்கிறாள். அவளுக்கு இருபது வயதில் யாராவது வந்து கதவைத் தட்டியிருந்தால் கண்டிப்பாகப் பரீட்சை எழுதியிருப்பாள்.

அதனால் இரண்டு வேண்டுகோள். கல்வி உரிமையை 18 வயது வரை நீட்ட வேண்டும் என்று தலையங்கம் எழுதுங்கள். 2020 தேசியக் கல்விக் கொள்கையே 18 வயது வரை எல்லோருக்கும் பள்ளிக் கல்வி என்று பேசுகிறது, அதைச் சட்டமாக்குவதில் என்ன தயக்கம் என்று கேளுங்கள். அப்புறம், விருது விழாப் படத்தோடு நிறுத்திவிடாமல் ஒரு நிருபரை ராஜஸ்தானுக்கு அனுப்புங்கள். குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்குப் போகிற ஒரு பெண் என்ன சொல்கிறாள் என்று அவள் வாயாலேயே கேட்டு நாலு பக்கம் போடுங்கள். அந்த இதழில் இரண்டு பிரதி வாங்குவேன், ஒன்று அக்காவுக்கு.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி