குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2022–23

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2022 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரையிலான ஆண்டறிக்கையை இந்தப் பொதுக்குழு முன் வைக்கிறேன். நம்மை விட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்குக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே அஞ்சலி செலுத்திவிட்டோம். செயற்குழு தவறாமல் கூடியது. கொடியேற்றம், பொங்கல் விழா, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் எல்லாம் வழக்கம்போல நடந்தன. விவரமெல்லாம் மினிட்ஸ் புத்தகத்தில் இருக்கிறது. வேண்டியவர்கள் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். நான் அதிகம் பேசப்போவது நம் வார்டு கவுன்சிலரின் முதல் ஓராண்டைப் பற்றியும், அதில் நம் சங்கம் எங்கே நின்றது என்பதைப் பற்றியும்தான்.

சென்னையில் 2011 அக்டோபரில் மாநகராட்சித் தேர்தல் நடந்தது. அந்த மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அப்புறம் ஐந்து வருஷத்துக்கும் மேல் கவுன்சிலர்கள் இல்லாமல், அரசு நியமித்த தனி அலுவலர் நிர்வாகம்தான். மனு கொடுத்தால் ரசீது கிடைக்கும். யாரைப் போய்ப் பார்ப்பது என்பது மட்டும் தெரியாது. 2022 பிப்ரவரி 19 அன்று வாக்குப்பதிவு நடந்து 200 வார்டுகளுக்கும் உறுப்பினர்கள் வந்தார்கள். நகரத்தில் பாதிப் பேர்கூட ஓட்டுப் போடவில்லை என்பதைச் சங்கம் என்ற முறையில் நாமும் யோசிக்க வேண்டும். பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீட்டின் கீழ் நடந்த தேர்தல் அது. 1688இல் தொடங்கிய மாநகராட்சிக்கு ஆர். பிரியா முதல் பட்டியலினப் பெண் மேயராக வந்தார். நம் வார்டிலும் ஒரு பெண்மணி வென்றார். மகளிர் சுய உதவிக் குழுவில் பல வருஷம் கணக்கு எழுதியவர். சில இடங்களில் அம்மா ஜெயிப்பார், ஐயா வார்டைப் பார்த்துக்கொள்வார். நல்ல வேளை, நம் கவுன்சிலரின் போனை அவரேதான் எடுக்கிறார்.

பதவியேற்ற சில வாரங்களில் நம் செயற்குழுக் கூட்டத்துக்கு வந்தார். தெருவிளக்கு, வேகத்தடை, பூங்கா நடைபாதை என்று நாம் தயாராக வைத்திருந்த பட்டியலைக் கொடுத்தோம். முழுசாகப் படித்துவிட்டு, “சங்கத்துல யாரெல்லாம் மெம்பர்?” என்று கேட்டார். சொந்த வீடு உள்ளவர்கள் என்று பொருளாளர் சொன்னார். “அப்போ வாடகைக்கு இருக்கிறவங்க, அரசு வாரியக் குடியிருப்புல இருக்கிறவங்க, கால்வாய் ஓரத்துல இருக்கிறவங்க?” என்றார். அவர்கள் நம் பைலாவில், அதாவது சங்க விதிகளில், இல்லை என்று தலைவர் விளக்கினார். “சரிங்கய்யா, காய்ச்சல் அங்கிருந்துதான் வருதுன்னு நீங்க எழுதின மனு ஆபீஸ்ல நாலு இருக்கு” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அன்றைக்கு நமக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை.

முதலில் கையில் எடுத்தது தண்ணீர். குடிநீரும் கழிவுநீரும் 1978 முதல் தனி வாரியத்தின் பொறுப்பு. கவுன்சிலர் நேரடியாக உத்தரவு போட முடியாது. அதனால் சுகாதார ஆய்வாளரைக் கூட்டிக்கொண்டு குளோரின் பார்க்கும் பெட்டியோடு தெருத் தெருவாக நடந்தார். தண்ணீரில் சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும். நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு அளவைச் சொல்வார்கள். வீட்டுக் குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம், கிருமியைக் கொல்லும் இந்தக் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். வழக்கமாகத் தொட்டிப் பக்கத்திலும் தெருமுனையிலும் பார்த்துவிட்டுப் போவது சுலபம். இவர் கடைசி வீட்டிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். தெருமுனையில் நல்ல மஞ்சள். கால்வாய்ப் பக்கத்துக் கடைக்கோடியில் நிறமே வரவில்லை.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. பழைய குழாய், பக்கத்திலேயே கழிவுநீர்க் குழாய், இரண்டிலும் விரிசல். குழாயில் தண்ணீர் நல்ல அழுத்தத்தோடு இருக்கும்வரை வெளியில் இருப்பது உள்ளே வராது. தண்ணீர் விடும் நேரம் முடிந்ததும், அல்லது யாராவது இணைப்பில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சும்போது, குழாய்க்குள் அழுத்தம் குறைந்து வெளியே தேங்கி நிற்கும் சாக்கடைத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். மேட்டுப் பக்கம் மோட்டார் வைத்தவர் வீட்டில் தொட்டி நிரம்பும். பள்ளத்தில் கைபம்பு அடிப்பவர் குடத்தில் கலங்கலாக வரும். அந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் வயிற்றுப்போக்கு. மோட்டார் வைத்தவர்களில் நம் உறுப்பினர்களும் இருந்தார்கள். ‘வரி கட்டுறது நாங்க’ என்ற வாதம் செயற்குழுவிலேயே எழுந்தது. வரி கட்டுவது உண்மைதான். ஆனால் பொதுக் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சும் உரிமை வரியோடு சேர்ந்து வருவதில்லை. பெரும்பாலானவர்கள் எடுத்துவிட்டு, தரைத்தொட்டியில் பிடித்து அங்கிருந்து மேலே ஏற்றிக்கொள்கிறார்கள். இரண்டு பேர் இன்னும் எடுக்கவில்லை. பெயர் சொல்லவில்லை, அவர்களுக்கே தெரியும்.

குழாய் மாற்றும் வேலை ஒரு தெருவில் முடிந்திருக்கிறது, மற்றவை பாக்கி. அதுவரை கடைக்கோடி வீடுகளுக்கு லாரித் தண்ணீர் வருகிறது. லாரி எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதற்கே ஒரு சண்டை நடந்தது. கவுன்சிலர் பள்ளத்துப் பக்கம் நிறுத்தச் சொல்லி முடித்துவைத்தார். அங்கன்வாடியில் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் இருப்பு வைக்க ஏற்பாடானது. பேதி நின்றாலும் மாத்திரையை 14 நாள் தர வேண்டும் என்பதைத் தாய்மார்களிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்தது மருத்துவ முகாம்கள். நாம் முன்பு நடத்திய முகாம்களுக்கு நாமேதான் போவோம். ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு பிஸ்கட் தின்றுவிட்டு வருவோம். காலை பத்து மணிக்கு வைத்தால் வீட்டு வேலைக்குப் போகிறவர், மூட்டை தூக்குகிறவர், மீன் விற்கிறவர் எப்படி வருவார்கள்? ஒருநாள் வராவிட்டால் கூலி போகும். முகாம் நேரத்தைக் கவுன்சிலர் மாலைக்கு மாற்றினார். வந்தவர்கள் எத்தனை பேர் என்று எழுதுவதோடு நிறுத்தாமல், எந்தச் சந்திலிருந்து யாருமே வரவில்லை என்று பார்க்கச் சொன்னார். இந்த ஒரு கேள்வி நம் பழக்கத்தையே மாற்றிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். ஆனால் அடிக்கடி வீடு மாறும் வாடகைக்காரர்கள் பட்டியலிலிருந்து நழுவிவிடுகிறார்கள். தன்னார்வலர் பெண்களோடு நம் இளைஞர்கள் சிலர் நடந்து விட்டுப்போன வீடுகளைச் சேர்த்தார்கள்.

கர்ப்பிணிகள் விஷயத்திலும் இதே கதை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய்: 14,000 பணமாக, மீதி தலா 2,000 ரூபாய் மதிப்புள்ள இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகமாக. இதற்குப் பிக்மி எண், அதாவது கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரும் எண், வேண்டும். வெளியூரிலிருந்து வந்து கட்டட வேலை செய்கிற பெண்களுக்கு அப்படி ஒரு எண் உண்டென்பதே தெரியாது. கவுன்சிலர் அலுவலகத்தில் வாரம் ஒருநாள் செவிலியரை உட்காரவைத்துப் பதிவு செய்தார்கள்.

காசநோய் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இது நம் ஊருக்குச் சம்பந்தம் இல்லாத விஷயமல்ல. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம்தான், நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்த சென்னை ஏழை நோயாளிகளைக் கொண்டு, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் படுத்துச் சாப்பிடுவதற்கு இணையாகக் குணமாகும் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது. அந்த ஊரில் இன்றும் இருமல் என்றால் ‘சளிதான்’ என்று மறைக்கிறோம். ஓட்டேரி மார்பு நோய் மருத்துவமனைக்குப் போனேன் என்று சொன்னால் வாடகை வீடு காலி பண்ணச் சொல்லிவிடுவார்கள் என்ற பயம் நிஜமாகவே இருக்கிறது. வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

எக்ஸ்ரே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால், அதில் யார் ஏறுகிறார்கள் என்று தெருவே வேடிக்கை பார்க்கும். அதனால் சர்க்கரை, ரத்த அழுத்தம், கண், எக்ஸ்ரே எல்லாம் ஒரே வரிசையில் எல்லாருக்கும் என்று கவுன்சிலர் வைத்தார். யார் எதற்காக நிற்கிறார் என்பது யாருக்கும் தெரியவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ளவர்களிடம் சளி மாதிரி தனியாக வாங்கினார்கள். நோய் உறுதியானவர்களுக்குச் சிகிச்சைக் காலத்தில் மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்து உதவி 2022–23இல் மத்திய அரசுத் திட்டத்தில் இருந்தது. ஆனால் வங்கிக் கணக்கு இருந்தால்தான் வந்தது. கணக்கு இல்லாதவர்களுக்குத் திறந்து கொடுக்க நம் துணைச் செயலாளர் அலைந்தார், அவருக்கு நன்றி. ஆறு மாத மருந்தில் இரண்டாம் மாதமே உடம்பு தேறிவிடும், அங்கேதான் பலர் நிறுத்திவிடுவார்கள். அதைக் கண்காணிக்கும் வேலையை வாரியக் குடியிருப்புப் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். நாம் செய்திருந்தால் இவ்வளவு நன்றாக நடந்திருக்காது.

பொதுக் கழிப்பறை: இரவில் பூட்டிவிடும் வழக்கம் நின்றது, வாசலில் விளக்கு வந்தது, யாரோ உட்கார்ந்து காசு வாங்கியதும் ஒழிந்தது. இதோடு சேர்த்துச் சங்கம் ஒரு தீர்மானம் போட்டிருக்கிறது. வீட்டு செப்டிக் டேங்கிலோ பாதாளச் சாக்கடையிலோ அடைப்பு என்று ஆளை இறக்கக் கூடாது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி இதற்கு முதல் முறையே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. சட்டத்துக்குப் பயந்தாவது செய்யாதீர்கள்.

எல்லாமே இனித்ததாகச் சொல்ல மாட்டேன். பூங்கா நடைபாதை அப்படியே கிடக்கிறது. மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளத்தில் கொசு பெருகியபோது புகை அடிக்கச் சொன்னோம். டெங்குக் கொசு பகலில் கடிப்பது, புகை பறக்கும் கொசுவை மட்டும்தான் கொல்லும், புழு ஒரு வாரத்தில் மறுபடி கொசுவாகிவிடும், மொட்டைமாடித் தொட்டியை மூடுங்கள் என்று கவுன்சிலரிடமிருந்து பதில் வந்தது. அறிவியல்படி சரிதான். ஆனால் பள்ளத்தை மூடச் சொல்லி இன்னும் கொஞ்சம் சத்தம் போட்டிருக்கலாம் என்பது என் கருத்து. நம் தெருக்களை அவர் புறக்கணிக்கிறார் என்ற முணுமுணுப்பும் காதில் விழுகிறது. நான் பார்த்தவரை வரிசையில் நம்மைக் கொஞ்சம் பின்னால் நிறுத்தியிருக்கிறார், அவ்வளவுதான்.

மாமன்றத்துக்கு இதெல்லாம் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1920இல் தியாகராயச் செட்டியார் தலைமையில் இருந்த இதே மாநகராட்சி மன்றம்தான் ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு தர ஒப்புதல் கொடுத்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் ஆகக் கூடாது என்ற நிபந்தனையோடு. 2022 செப்டம்பரில் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது நம் கவுன்சிலர் அதைத்தான் மேடையில் நினைவுபடுத்தினார்.

வரும் ஆண்டுக்கு மூன்று வேலைகள். மீதித் தெருக்களில் குழாய் மாற்றம். எக்ஸ்ரே வண்டியை மறுபடி வரவழைப்பது. வார்டு குழுவுக்கும், வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக்கும் 2022இல் வந்த விதிகளின்படி, கால்வாய் ஓரத்து மக்களும் பேசும்படி நம் பகுதி சபை நடக்கிறதா என்று பார்ப்பது.

கடைசியாக, பைலா திருத்தம். வாடகைக்குக் குடியிருப்போர், வாரியக் குடியிருப்பில் வசிப்போர், கால்வாய் ஓரத்து வீட்டார் ஆகியோரும் அதே சந்தாவில், அதே வாக்குரிமையோடு உறுப்பினராகலாம் என்ற சிறப்புத் தீர்மானத்தைச் செயற்குழு பரிந்துரைக்கிறது. செயற்குழுவிலேயே இது ஒருமனதாக வரவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். வாக்களிப்பவர்களில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு தேவை. ஆகவே தேநீருக்குப் பிறகு யாரும் கிளம்பிவிட வேண்டாம். அதற்கு முன் வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்