ஆண்டறிக்கை 2024: கடற்கரை மணலும் ஜீப் வண்டிகளும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போஷகர் ஐயா அவர்களே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. பொங்கல் விழா, பிள்ளைகளுக்கு அப்பியாசக் கொப்பி வழங்கியது, டெங்குச் சிரமதானம் ஆகியவற்றின் விவரம் பொருளாளரின் கணக்கறிக்கையில் இருக்கிறது. வடிகான் பிரச்சினை போன வருடம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. புதிய நிர்வாகக் குழு அதை விடாமல் கேட்க வேண்டும்.

இந்த வருடம் எமது நேரத்தில் பெரும்பகுதியை எடுத்தது கொழும்பு மட்டக்குளியில் உள்ள எமது காக்கைதீவுக் கடற்கரை மணலில் இறங்கும் ஜீப், டபள்கெப் வண்டிகளின் விஷயம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடலுக்கும் வீதிக்கும் நடுவே ரயில் பாதை கிடக்கிறது. அங்கே நினைத்த இடத்தில் வண்டியை மணலுக்கு இறக்க முடியாது. மட்டக்குளியில் எங்களுக்கு அப்படி ஒரு தடுப்பு இல்லை. மாடி வீடுகளிலும் நெருக்கமான தோட்டக் குடியிருப்புகளிலும் வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு முற்றம் என்று இருப்பதும் இந்த மணல்தான்.

ஒரு ஞாயிறு மாலை, பாய் விரித்து உட்கார்ந்திருந்த குடும்பத்தை நோக்கி ஒரு ஜீப் பின்னுக்கு வந்தது. ஓட்டியவருக்கு இவர்கள் தெரியவில்லை. அம்மம்மா பேரனை இழுத்தெடுத்தார், நல்லகாலம். கொஞ்ச நேரத்தில் அதே ஜீப் மணலில் புதைந்தது. அதை வெளியே எடுக்க, பக்கத்தில் படர்ந்திருந்த அடம்பன் கொடியைக் கைகையாகப் பிடுங்கிச் சில்லுகளுக்கு அடியில் போட்டார்கள். நான் அங்கே நின்றேன். அன்று இரவே தலைவரிடம் போய் இதைச் சும்மா விடக்கூடாது என்று சொன்னேன்.

"அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று நாமெல்லாம் சின்ன வயதில் படித்தோம். அந்தக் கொடி கணுவுக்குக் கணு வேர் விட்டு மணலைப் பிடித்து வைக்கிறது. காற்று கொண்டுவரும் மணல் அதில் தங்கி மேடாகிறது. இராவணன் மீசைப் புல்லும் இதே வேலையைத்தான் செய்கிறது. மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கரையை அறுக்கும்போது முதல் அடியை வாங்குவது அந்த மேடு. திரும்பத் திரும்பச் சில்லு ஏறினால் கொடி நசுங்கிப் போய்விடும். அப்புறம் மேட்டைப் பிடித்து வைக்க ஒன்றும் இல்லை. டயரில் காற்றைக் குறைத்துவிட்டால் பாதிப்பு இல்லை என்று ஓட்டுபவர்கள் சொல்கிறார்கள். காற்றைக் குறைத்தால் வண்டி புதையாமல் போகும், அவ்வளவுதான். வண்டியின் பாரம் முழுவதும் மணலில்தானே இறங்குகிறது.

மணலில் வளை தோண்டி வாழும் நண்டுகள் பகலில் உள்ளே ஒதுங்கி இரவில் இரை தேடி வெளியே வரும். ஜீப்புகளும் இங்கே அதிகம் வருவது இரவில். இலங்கைக் கரைகளில் ஐந்து வகைக் கடலாமைகள் முட்டையிடுகின்றன. ஆமை ஏறும் கரைகளில் ஆழமான டயர் தடத்துக்குள் விழும் குஞ்சு கடலைப் போய்ச் சேராமல் அதற்குள்ளேயே அலைந்து சாகும். தென்னாபிரிக்கா 2001 டிசம்பரில் உல்லாசத்துக்காகக் கடற்கரையில் வாகனம் ஓட்டுவதைச் சட்டம் போட்டு நிறுத்தியது. அமெரிக்காவின் டேட்டோனாவில் கட்டணம் வாங்கி, மணிக்கு 10 மைல் வேகத்துக்கு மேற்படாமல் ஓட விடுகிறார்கள். அது மைல் கணக்கில் நீண்ட, கெட்டியான மணல். எங்கள் சின்னக் கரைக்கு தென்னாபிரிக்க வழிதான் சரி என்பது என் கருத்து.

2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து, ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் உருண்டைகள் கடலில் கொட்டியதை யாரும் மறக்கவில்லை. அவற்றை மணலிலிருந்து சல்லடையால் சலித்து எடுத்தவர்கள் இந்தச் சபையிலும் இருக்கிறீர்கள். மேலே கிடப்பதைப் பொறுக்கலாம். சில்லு அழுத்தி உள்ளே புதைத்ததை எப்படி எடுப்பது?

எங்களால் நடந்த ஒரு பிழையையும் பதிவு செய்ய வேண்டும். இந்த விஷயமாக அதிகாரிகளுக்கு எழுதிய முதல் மனுவில் "எந்த வாகனமும் மணலில் இறங்கக்கூடாது" என்று எழுதிவிட்டோம். மீனவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் வலையையும் எஞ்சினையும் சின்ன லொறியில்தான் கொண்டுவருகிறார்கள். "எஞ்சினைத் தோள்ல தூக்கிட்டு வரச் சொல்றீங்களா தம்பி?" என்று வாடியில், அதாவது கரையிலுள்ள மீனவர் கொட்டிலில், ஒரு பெரியவர் கேட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். பிறகு அதே வாடியில் இருந்து, அவர்களோடு சேர்ந்துதான் இரண்டாவது மனுவை எழுதினோம். தொழில் வாகனம், அம்பியூலன்ஸ், குப்பை அள்ளும் ட்ரக்டர் போவதற்கு ஒரே ஒரு வழி, அதற்குப் பூட்டுப் போட்ட கேற்று, மற்ற இடமெல்லாம் பெரிய கல். வெறும் அறிவிப்புப் பலகையை நாங்கள் கேட்கவில்லை. இரவில் அதை யாரும் வாசிப்பதில்லை.

நடக்க முடியாத தன் தகப்பனைக் கடல் காட்ட ஜீப்பில்தான் கூட்டிப் போவதாக எமது அங்கத்தவர் ஒருவர் சொன்னார். அவர் சொன்னது எனக்குப் பல நாள் மனதில் கிடந்தது. சக்கர நாற்காலி போகக்கூடிய ஒரு பலகைப் பாதையும் மனுவில் சேர்ந்தது அவரால்தான்.

கரையோரம் பேணல் சட்டம் 1981இலிருந்து இருக்கிறது. உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை அதன் எல்லைக்குள் வரும். ஆகவே நாங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. ஆனால் ஓர் அலுவலகத்தில் எமது மனு கிடைக்கவில்லை என்று இரண்டு தடவை சொன்னார்கள். மூன்றாம் தடவை கையில் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்கி வந்தோம். முடிவு இன்னும் வரவில்லை. அதுவரை எமது இளைஞர்களும் வாடிக்காரர்களும் ஞாயிறு மாலைகளில் இறங்கும் இடத்தில் நின்று, வருகிறவர்களிடம் மரியாதையாகச் சொல்லி வண்டியை வெளியே நிறுத்த வைக்கிறார்கள். பெரும்பாலானோர் கேட்கிறார்கள்.

கேற்று போட்டால் சாவி வாடியில் ஒன்றும் சங்கத்தில் ஒன்றுமாக இருக்க வேண்டும் என்ற தீர்மானத்தை இந்தப் பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன். ஞாயிறு முறைக்குப் பெயர் கொடுக்க விரும்புபவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைச் சந்திக்கவும். அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

செயலாளர்