மூன்றாம் தடவை வேண்டாம், அண்ணா

அன்பின் அண்ணாவுக்கு,

அக்காவின் மகனுக்கு உயர்தரப் பரீட்சைப் (ஏ/எல்) பெறுபேறு வந்துவிட்டது. இரண்டாம் தடவையும் கணிதப் பிரிவில் மூன்று பாடங்களிலும் சாதாரண சித்திதான். "இன்னொருமுறை எடுக்கட்டும், ரியூசன் காசு நான் அனுப்புகிறேன்" என்று ரொறன்ரோவிலிருந்து நீங்கள் சொன்னதை அக்கா முடிந்த முடிவாகவே எடுத்துக்கொண்டுவிட்டார். உங்கள் மனம் பெரியது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த முடிவு அவனுக்கு நல்லதல்ல. உங்களைப் போல் அன்போடு காசு அனுப்பும் மாமாக்கள் யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு இருப்பதால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இஸட் புள்ளி கணக்கிடப்படும் முறையைப் பாருங்கள். ஒரு பாடத்தில் எல்லோரும் எடுத்த புள்ளிகளின் சராசரியிலிருந்து இவன் எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறான் என்பதைத்தான் அது அளக்கிறது. இவன் பத்துப் புள்ளி கூட எடுத்து, மற்றவர்களும் அப்படியே கூட எடுத்தால் இஸட் புள்ளி அசையாது. பொறியியல் போன்ற துறைகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் தரவரிசையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படியும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. யாழ் மாவட்டத்தின் பங்குக்காகக் கணிதத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகள் எத்தனை பேர் முட்டி மோதுகிறார்கள் என்பது ஆசிரியையாக வகுப்பில் நிற்கும் எனக்குத் தெரியும். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்றாவதுதான் கடைசித் தடவை. அதுவும் சரிவராவிட்டால் 21 வயதில் பையன் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

டொக்டர், என்ஜினியர் என்று நம் வீடுகள் ஏன் இப்படித் தவம் கிடக்கின்றன என்பது விளங்காமல் இல்லை. 1970களில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ் மாணவரிடம் கூடிய புள்ளி கேட்ட தரப்படுத்தல் வந்து, படித்த பிள்ளைகள் வாசலிலேயே மறிக்கப்பட்டதைப் பார்த்த தலைமுறை அப்பாவுடையது. அந்தக் காயம் உண்மையானது. அதை ஆற்றும் பொறுப்பை இவன் தலையில் சுமத்துவது நியாயமில்லை.

போன மாதம் அக்கா வீட்டுக் கிணற்று மோட்டர் ஓடியது, தண்ணீர் வரவில்லை. இவன் பழைய பேப்பரை விரித்து, கழற்றிய ஒவ்வொரு துண்டையும் கழற்றிய ஒழுங்கிலேயே அடுக்கினான். பக்கத்தில் பென்சிலால் இலக்கம் போட்டான். மோட்டரில் பிழையில்லை என்று தெரிந்ததும் குழாயை மேலே இழுத்து, அதன் அடியிலுள்ள புட்வால்வில் சிக்கியிருந்த சிறு கல்லை எடுத்தான். யாரும் அவனுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. பௌதிகவியல் வினாத்தாளில் இந்தப் பொறுமையைக் காட்ட அவனால் முடியவில்லை, அவ்வளவுதான்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அதே அறிவியல் நகரில்தான் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. வாகனம், இயந்திரம், மின்சாரம் என்று கையால் செய்து பழகலாம். தொழிற்பயிற்சிச் சான்றிதழ்களை மட்டங்களாகப் பிரிக்கும் தேசிய தொழிற்தகைமையில் 4ஆம் மட்டம் முழுமையான தொழிலாளிக்குரியது, 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். படிப்படியாக ஏறலாம், கதவு அடைபடுவதில்லை. மூன்று பாடங்களிலும் சித்தி இருப்பதால் உயர் தேசிய டிப்ளோமாவுக்கும் விண்ணப்பிக்கலாம். இவை தோற்றவர்கள் போகும் இடங்கள் என்ற பேச்சை அக்காவின் காதில் போடுகிற உறவினர்கள் ஒருவரும் அங்கே போய்ப் பார்த்ததில்லை.

"நான் கூப்பிடுகிறேன், அதுவரை பொறு" என்றும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். விசாவுக்குக் காத்திருந்தே இளமையைத் தொலைத்த பையன்கள் நம் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள்.

உங்கள் சொல்லுக்கு அக்கா மறுசொல் சொல்லமாட்டார். ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவை அல்ல, அவனை அழையுங்கள். பெறுபேற்றைப் பற்றிக் கேட்காமல், என்ன படிக்க விருப்பம் என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுப்பான், வைத்துவிடாதீர்கள். ரியூசனுக்கென்று ஒதுக்கிய காசு விடுதிக்கும் பஸ்ஸுக்கும் உதவும்.

அன்புடன்,
தங்கை